ஒன்பது பெண்களும் ஒரு மலைப்பாதையும்

நடப்பதற்கென்றே ஒரு பிரயாணமா என்று கேட்டால் நம்மில் பல பேருக்குச் சிரிப்புத்தான் வரும். பழனிக்குப் பாதயாத்திரை என்றால் சரி, வேண்டுதல் இருக்கிறது. காலையில் கடற்கரையில் நடப்பது டாக்டர் சொன்னதற்காக. ஆனால் ஒரு காரணமும் இல்லாமல், கையில் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலுமாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையில் நடப்பது என்றால்? "வீட்டில் நடக்கிற நடை போதாதா?" என்பார்கள்.

2024 பிப்ரவரியில் நான் அப்படி ஒரு நடை நடந்தேன். கூட எட்டுப் பெண்கள். இடம், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துத் தேயிலை மலை. அழகான காட்சிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள் சேர்ந்து போவதானால் என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதிலும், வாய்விட்டுக் கேட்க நாம் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்லப் போகிறேன். கூச்சப்படாமல் படியுங்கள்!

அது என்ன பெக்கோ பாதை?

கண்டியை ஒட்டிய ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டைச் சுற்றிவந்து நுவரெலியாவில் முடிகிற நெடும் நடைபாதை அது. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய ஒரு பகல் நடை. முழுவதும் நடக்கிறவர்கள் வாரக்கணக்கில் நடப்பார்கள். நம்மால் அதெல்லாம் ஆகுமா? ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, காலையில் போய் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பெக்கோ என்பது தேயிலைத் தரங்களில் ஒன்றின் பெயர். இளங்கொழுந்தின் மேலே வெள்ளையாகப் பூனைமயிர் போல இருக்குமே, அதைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இந்த நடைபாதைக்காகப் புதிதாக மலையை வெட்டவில்லை. நூறு, நூற்றைம்பது வருஷங்களாகத் தேயிலை போன வழிகள், கொழுந்து சுமந்தவர்கள் நடந்த வழிகள், லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழிகள்... இவற்றையெல்லாம் கோத்து ஒரு பாதையாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. என் அம்மா பிறந்தது அந்த மலையில்தான். 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கான மலைநாட்டுத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள் அல்லவா? தாத்தா குடும்பம் 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, பிறகு கோத்தகிரியில் குடியேறியது. பெரியம்மா அதற்குள் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, கண்டியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "இங்கே வந்துட்டு டவுனைப் பார்த்துட்டுப் போனா எப்படி? உங்கம்மா நடந்த மலைய ஒரு நாளாவது நடந்து பாரு" என்று ஏற்பாடு செய்தது அவர்தான்.

இரண்டு வார முன்னேற்பாடு

எங்கள் கூட்டத்தில் எல்லா வயதும் உண்டு. எல்லாருக்கும் மூத்தவர் அக்காவின் நாத்தனார். வயது அறுபத்தொன்று, சர்க்கரை வியாதி உண்டு. அவரை நாங்கள் எல்லாரும் அண்ணி என்றே கூப்பிட்டோம். எல்லாருக்கும் இளையவள் அக்காவின் மருமகள். பத்து மாதக் குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நடுவில் மூன்று டீச்சர்கள், பாங்கில் வேலை செய்யும் ஒரு பெண், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். வழி காட்ட அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். எல்லாருக்கும் அவன் தம்பி.

அக்கா இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாருக்கும் உத்தரவு போட்டுவிட்டார். தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். புதுச் செருப்பு, புதுச் ஷூ கூடவே கூடாது. பழகின ஷூ, அதுவும் கொஞ்சம் தாராளமாக. இறக்கத்தில் கால்விரல் முன்னால் போய் இடிக்கும், அதற்காகத்தான். முதல் நாளே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். பருத்தி உறை நனைந்தால் தேய்த்துக் கொப்புளம் போடும். கம்பளி அல்லது செயற்கை நூல் உறை நல்லது. புடவை வேண்டாம், சுடிதார் போதும்.

சாப்பாடு? ஆளுக்கு மூன்று தேங்காய் ரொட்டி, வாழை இலையில் கட்டிய சம்பல், வேகவைத்த முட்டை, வறுத்த கச்சான் (நம் ஊர் வேர்க்கடலை), நாலைந்து பேரீச்சம்பழம். ஊறிப் போகாது, கையைக் கழுவத் தண்ணீர் அதிகம் வேண்டாம், நடந்துகொண்டே கொறிக்கலாம். அண்ணியின் இடுப்புப் பையில் மட்டும் தனியாக நாலு ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை வியாதிக்காரர் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வேர்வை, தலை கிறுகிறுப்பு என்று வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளத்தான். மாத்திரையின் அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா என்று டாக்டரை முன்பே கேட்டுவிட்டு வந்திருந்தார்.

புறப்பட்டோம்

நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாம் கட்டம்: கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை. முழுவதும் நடக்கவில்லை. முதல் பகுதியை வேனில் கடந்து, ஏறத்தாழ பதினோரு கிலோமீட்டர் நடந்தோம் என்று அக்காவின் செல்போன் கணக்குச் சொன்னது. காலை ஏழரைக்கு நடக்க ஆரம்பித்தபோது மலை முழுக்க மூடுபனி. பாதை ஒரு லயத்தின் முற்றத்தைத் தொட்டுக்கொண்டே போகிறது. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, "எங்க போறீங்க பிள்ளைங்களா?" என்றார். "சும்மா நடக்கிறோம் தாத்தா" என்றோம். "சும்மாவா!" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கூட்டமாக நடப்பதில் ஒரு ரகசியம் உண்டு, கேளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விட வேண்டும். அண்ணிதான் எங்களுக்கு முன்னால். அவர் நிற்கும் இடத்தில் எல்லாரும் நிற்பது. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து இளைப்பாறி, மெதுவாக வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பினால், அவருக்கு ஓய்வே கிடைக்காது, பாருங்கள்! ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச்சு அடைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட்டது. ஒரு வளைவில் உட்கார்ந்தபோது அக்கா எல்லாருடைய பாட்டிலையும் வாங்கிப் பார்த்தார். பாதிப் பேருடைய பாட்டில் நிறைந்தே இருந்தது. "ஏன் யாரும் தண்ணி குடிக்கல?" என்று அதட்டினார். ஒருவரும் பேசவில்லை. தம்பி தள்ளிப் போனதும் பாங்குப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "குடிச்சா அப்புறம் எங்க போறது அக்கா?"

அதுதான் விஷயம்! காலையில் கடைத்தெருவில் பார்த்தது. அதன் பிறகு மூன்று மணி நேரமாகக் கழிவறை என்று ஒன்றைக் காணவில்லை. இந்தச் சங்கடம் மலையில் மட்டுமா? வெளியூர் பஸ்ஸில் ஏறினால் நாம் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் குடிப்பதில்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் குடிப்பதில்லை. சின்ன வயதிலேயே நமக்கு இது பழகிப் போகிறது.

அந்தச் சமயத்தில் மேல் மலையிலிருந்து கொழுந்து நிறுவைக்கு இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். முதுகில் கனத்த பை. அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே அவர்களில் மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. "வாங்கம்மா, நான் மறைவா ஒரு எடம் காட்டுறேன்" என்று தேயிலைக்குள்ளே ஒரு கல்லிடுக்குக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் நாங்கள் தண்ணீர் கொடுத்தோம். வாங்கி ஒரு வாய் மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்.

"இன்னும் குடிங்களேன்" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. காலைல ஒரு தேத்தண்ணி. பகலைக்கு வீட்டுக்குப் போனா ஒரு கப் தண்ணி. நடுவுல குடிச்சா போக வேணும்ல? மலையில எங்க போறது? தேயிலைதான் எங்களுக்குச் செவரு. மழ பேஞ்சா அட்ட, ஆம்பள கங்காணி நிப்பாரு. மாசத்துல அந்த மூணு நாளு இருக்கே, அதைச் சொல்லவே வேணாம்."

நாங்கள் ஒரு நாள் வந்தவர்கள். அவர் முப்பது வருஷமாக இப்படியே இருக்கிறாராம். தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வேறுபடும். நாள் பேர் போட ஏறக்குறைய பதினெட்டு கிலோ கொழுந்து பறிக்க வேண்டியிருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிப் பதினெட்டு கிலோ! சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஆலைக்குப் போனால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். அந்த வேலையை வெயிலில், செங்குத்தான மலையில், வாயை நனைத்துக்கொண்டு மட்டுமே செய்கிறார்கள். பாதையில் போகிற நமக்கு இடமில்லை என்பது ஒரு நாள் சங்கடம். வேலை செய்யும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பது உடம்பையே பாதிக்கிற விஷயம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகவும் குட்டை. கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் அந்தக் கிருமி அடித்துக்கொண்டு போய்விடும். குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் உள்ளே தங்கிப் பெருகும். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்ச்சி, அடிவயிற்று வலி இவை முதல் அறிகுறிகள். அதோடு குளிர்காய்ச்சலும் விலாப்புறத்தில் வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை சுலபமாக வரும்.

அதன் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டார்: மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கட்டாயம். கூச்சம் வந்தால் இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க வேண்டும். தம்பி ஒரு வளைவு முன்னால் போய்ப் பாட்டுப் பாட வேண்டும்! அவனும் சளைக்காமல் பாடினான். மதியத்துக்குள் எல்லாருடைய தலைவலியும் போய்விட்டது.

பிள்ளை மடுவத்தில்

பன்னிரண்டு மணிவாக்கில் மருமகளின் நடை தளர்ந்தது. கால் வலியா என்றால் இல்லை என்கிறாள். கடைசியில் அக்காவின் காதில் சொன்னாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டதாம். காலை ஆறு மணிக்குக் கொடுத்ததுதான்.

பாதை ஓரத்தில் ஒரு பிள்ளை மடுவம் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். தூளித் தொட்டில்களில் ஏழெட்டுக் குழந்தைகள். பார்த்துக்கொள்கிற அம்மா ஒன்றும் விளக்கம் கேட்கவில்லை. "பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வந்தீங்களா? உள்ளுக்கு வாங்க மகள்" என்று ஓர் அறையின் கதவைத் திறந்துவிட்டார். சுடுதண்ணீரில் துணி நனைத்துக் கொடுத்தார். அவள் கையாலேயே பாலைப் பீய்ச்சி எடுத்தபின்தான் முகத்தில் ரத்தம் வந்தது. "இங்க வார தாய்மாருக்கும் இப்படித்தான். மலை தூரமாப் போயிட்டா நேரத்துக்கு வர ஏலாது" என்றார் அந்த அம்மா.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை விட்டுவிட்டு ஒரு நாள் போவதில் தப்பே இல்லை. ஆனால் மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் பாலை எடுத்துவிட வேண்டும். சுத்தமான கை, ஒதுங்க ஓர் இடம் போதும். எடுத்த பாலைச் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரம்தான் வைக்கலாம். வெயிலில் பையில் சுமந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கட்டிக்கொண்ட இடம் சிவந்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

அங்கேயே நல்ல கழிவறையும் இருந்தது. ஒன்பது பேரும் வரிசையில் நின்றோம்!

அந்த அம்மா எல்லாருக்கும் சாயத் தேத்தண்ணி போட்டார், கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு. அக்கா, "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம்" என்றார். தேநீரிலுள்ள டானின் என்ற பொருள், நாம் சாப்பிட்ட கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. ஆனால் அன்போடு நீட்டிய கோப்பையைத் திருப்புவதா? தேநீரை முதலில் குடித்தோம். சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டோம்.

அட்டைக்குப் பயப்படலாமா?

பிப்ரவரி வறண்ட மாதம். இருந்தாலும் ஓர் ஓடைக்கரையில் டீச்சர் ஒருவரின் காலில் அட்டை ஏறிவிட்டது. கூச்சல் என்றால் அப்படி ஒரு கூச்சல்! அம்மா எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார்: கணுக்காலில் சவுக்காரத்தை ஈரமாகத் தேய்த்துக்கொண்டால் அட்டை அவ்வளவாக ஏறாது என்று. ஏறிவிட்டால் நெருப்பு வைப்பதும் உப்புப் போடுவதும் வேண்டாம். அது வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் வாய் விட்டுவிடும். பிறகு அடுத்த முனை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சரக்கு ஒன்று இருப்பதால் வெகு நேரம் கசியும். பயப்படாமல் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

பத்தொன்பது ஏக்கர்

மூன்று மணிக்கு லூல்கந்துரத் தோட்டத்தில் இருந்தோம். இலங்கையில் வியாபாரத்துக்காக முதன்முதலில் தேயிலை பயிரானது இங்கேதான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் போட்டார். அதற்கு முன் மலையெல்லாம் காப்பி. 1869-ல் இலையில் துருநோய் தென்பட்டு, சில வருஷங்களில் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. டெய்லர் குடியிருந்த குடிலின் புகைபோக்கியும் ஒரு கிணறும் மட்டும் மிச்சம். 1892-ல் அவர் வயிற்றுக்கடுப்பில் இறந்தபோது, தொழிலாளர்கள் உடலைக் கண்டி வரை நடந்தே சுமந்து போய் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? அவர்களும் நடந்துதான். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் என்று நம் சீமையிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடியும்படி, அந்த வழியை அவர்களின் வாரிசுகள் மறுபடி நடந்தார்கள். பெண்களும் நடந்தார்கள்.

டெய்லரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்தப் பத்தொன்பது ஏக்கரில் கொழுந்து கிள்ளிய ஒரு பெண்ணின் பெயராவது நமக்குத் தெரியுமா? காலையில் எங்களுக்கு மறைவிடம் காட்டிய அக்காவின் பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குச் சொன்னேன். "நானும் அப்படித்தாண்டி தண்ணி குடிக்காம இருந்து பழகினேன்" என்றார். கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்தார். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் அம்மா ஒரு வாய்க்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நீங்கள் போவதானால்...

பெக்கோ பாதையாக இருக்கலாம், உங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றாக இருக்கலாம். ஆறேழு பெண்கள் சேருங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்கு முன்னால், எங்கெங்கே ஒதுங்க இடம் இருக்கிறது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடை, கோயில், பள்ளி, மடுவம் எதுவானாலும் சரி. நன்றியோடு ஏதாவது வாங்கிக்கொண்டோ கொடுத்துவிட்டோ வாருங்கள். காகிதத்தையும் நாப்கினையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். வேலை செய்யும்போது நம்மை யாராவது அப்படிப் படம் எடுத்தால் பிடிக்குமா? மழைக்காலத்தில் மலை வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து ஏராளமான உயிர்கள் போயின. ஆகவே எந்த வழி திறந்திருக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

உங்கள் ஊரில் பெண்கள் வேலை செய்கிற இடங்கள் இருக்கின்றனவா? வயல், செங்கல் சூளை, துணிக்கடை, சந்தை? அங்கே அவர்களுக்குக் கழிவறை இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மாதர் சங்கத்தில் பேசுங்கள், பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள். நாளைக் காலையில் பிள்ளையின் பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைக்கும்போது, நேற்று அது காலியாக வந்ததா, நிறைந்தே வந்ததா என்றும் கவனியுங்கள். நிறைந்தே வந்திருந்தால் திட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய், கழிவறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.